மசக்கைக்குக் கஞ்சா மிட்டாயா?

கஞ்சா என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? ‘இத்தனை கிலோ பறிமுதல், மூன்று பேர் கைது’ என்று பேப்பரில் ஒரு மூலைச் செய்தி. மிஞ்சிப் போனால், காசியில் சிலும்பி பிடிக்கும் சாமியார்கள். வாயும் வயிறுமாக இருக்கும் பெண்ணுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? 2023-ல் கனடாவுக்குப் போயிருக்காவிட்டால் நானும் இப்படித்தான் கேட்டிருப்பேன்.

என் பெண்ணுக்கு டொரொன்டோவில் ஸ்கார்பரோ பகுதியில் வாசம். தலைச்சன் கர்ப்பம். வழக்கமாக ஏழாம் மாதம், எட்டாம் மாதம்தான் அம்மாக்கள் விமானம் ஏறுவார்கள். எனக்கோ ஒன்பதாவது வாரத்திலேயே மாப்பிள்ளையிடமிருந்து போன். "அத்தை, தண்ணி குடிச்சாக்கூட வெளியில வந்துடுது. எனக்கு லீவும் இல்லை. கொஞ்சம் சீக்கிரம் வர முடியுமா?" நார்த்தங்காய் ஊறுகாயும் அரிசிப் பொரியும் கட்டிக்கொண்டு ஓடினேன். போய்ப் பார்த்தால் பெண் துணியாய்க் கிடக்கிறாள். 56 கிலோ இருந்தவள் 52.

எதிர் ஃப்ளாட்டில் ஒரு பெண். பெற்றோர் யாழ்ப்பாணத்துக்காரர்கள், இவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் கனடாவில். வயது 27. அவளுக்கும் முதல் கர்ப்பம்தான், என் பெண்ணைவிட இரண்டு வாரம் முன்னால். நல்ல பெண். நான் போன மறுநாளே சூப் வைத்து எடுத்துவந்தாள். நாலைந்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் கையில் சின்னப் பையோடு வந்தாள்.

"ஆன்ட்டி, அக்காவுக்கு இதில கால் துண்டு குடுத்துப் பாருங்கோ. எனக்கும் முதல்ல சரியான சத்தி. இப்ப இரவில ஒண்டு போட்டா, காலமை கொஞ்சம் சாப்பிடக்கூடியதா இருக்கு."

(வாந்தியைத்தான் அவர்கள் சத்தி என்கிறார்கள். மாத்திரைக்குக் குளிசை. இந்தத் தமிழைக் கேட்பதற்காகவே அவளைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன்.)

பையில் சிவப்பு நிறத்தில் எட்டு மூலை முத்திரை, நடுவில் ஐந்தாறு விரல் விரித்தாற்போல ஒரு இலை. உள்ளே பீச் பழ வாசனையோடு ஜெல்லி மிட்டாய். கஞ்சாச் சத்து சேர்த்த மிட்டாய்!

திருட்டுத்தனமாக வாங்கியது என்று நினைத்துவிடாதீர்கள். கனடாவில் 2018 அக்டோபர் 17-ம் தேதியிலிருந்து பெரியவர்கள் கஞ்சா வாங்குவதும் உபயோகிப்பதும் சட்டப்படி சரி. உருகுவே நாட்டுக்கு அடுத்தபடியாக நாடு முழுவதும் இப்படி அனுமதித்த தேசம் அதுதான். மறு வருஷம் மிட்டாய், சாக்லேட், பானம் எல்லாவற்றுக்கும் அனுமதி. கொத்து ரொட்டிக் கடைக்கு நாலு கடை தள்ளி, செல்போன் கடை மாதிரி பளபளவென்று ஒரு கஞ்சாக் கடை. 19 வயது நிரம்பியதற்கு அத்தாட்சி காட்டிவிட்டு உள்ளே போகலாம்.

நான் மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பையைத் திருப்பிப் பார்த்தேன். இங்கிலீஷிலும் ஃப்ரெஞ்சிலும் ஒரு எச்சரிக்கை: கர்ப்பமாக இருந்தாலோ தாய்ப்பால் கொடுத்தாலோ உபயோகிக்கக் கூடாது. "இப்படிப் போட்டிருக்கேம்மா?" என்றேன்.

"அது எல்லாத்திலயும்தான் போடுறாங்கள் ஆன்ட்டி. கடையில நிண்ட பிள்ளையே சொன்னவள், இது செடிதானே, குளிசையைவிட நல்லம் எண்டு."

சோபாவில் சுருண்டு கிடந்த என் பெண் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "அம்மா, ஒரு வாய் சாதம் வயித்துல தங்கும்னா எதுவானாலும் குடு."

இதை ‘போதைக்கு அலையும் பெண்கள்’ என்று தலைப்புப் போட்டுத் திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் நான் பார்த்தது போதையை அல்ல, வாந்தியை. மறுநாள் டாக்டரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்று பையைத் திருப்பிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு டாக்டரம்மாவிடம் கேட்டதும், பெண்ணின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து படித்ததும்தான் இந்தக் கட்டுரை.

கடைக்காரப் பெண் சொன்ன யோசனை அந்த ஒரு கடையோடு நிற்கிற விஷயமில்லை. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து டாக்டர்கள் ஒரு வேலை செய்தார்கள். 400 கஞ்சாக் கடைகளுக்குப் போன் போட்டு, "எனக்கு எட்டு வாரக் கர்ப்பம், குமட்டல் தாங்கவில்லை, என்ன வாங்கலாம்?" என்று ஒரு பெண்ணைக் கேட்க வைத்தார்கள். நூற்றுக்கு 69 கடைகள் ஏதாவது ஒரு கஞ்சாப் பொருளைச் சிபாரிசு செய்தன! டாக்டரைக் கேட்டுக்கொள் என்று தாமாகச் சொன்னவை மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 2018-ல் வெளியான ஆராய்ச்சி இது. மளிகைக் கடைக்காரரிடம் வயிற்றுவலிக்கு ஓமம் கேட்பது வேறு. இது வேறு.

சரி, அப்படி என்னதான் கெடுதல்?

கஞ்சாவில் போதை தருகிற சத்துக்குச் சுருக்கமாக டி.ஹெச்.சி. என்று பெயர். 1964-ல் இஸ்ரேலில் ரஃபேல் மெஷோலாம் என்ற ரசாயன விஞ்ஞானியும் அவரது சகாவும் இதைத் தனியாகப் பிரித்துக் காட்டினார்கள். அது ஏன் மூளையில் வேலை செய்கிறது என்று தேடிக்கொண்டே போனதில் ஒரு வேடிக்கை வெளிப்பட்டது. நம் உடம்பே அதைப்போல ஒரு சரக்கைச் சுயமாகத் தயாரித்துக்கொள்கிறதாம். 1992-ல் அதைக் கண்டுபிடித்து ‘ஆனந்தமைட்’ என்று நாமகரணம் செய்தார்கள். ஆமாம், நம்முடைய ஆனந்தம்தான்! பெரியவர்களுக்குப் பசி, தூக்கம், வலி, மனநிலை இவற்றில் அதற்கு வேலை. கர்ப்பத்தில் இருக்கும் சிசுவுக்கோ, மூளையின் நரம்புகள் எங்கே போய் எதோடு சேர வேண்டும் என்று வழிகாட்டுவதிலேயே இந்த ஏற்பாட்டுக்குப் பங்கு உண்டு. கோலத்துக்குப் புள்ளி வைக்கும் நேரம் அது. வெளியிலிருந்து டி.ஹெச்.சி. நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய் அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டால் புள்ளி தவறாதா என்பதுதான் டாக்டர்களின் கவலை.

மிட்டாயாகச் சாப்பிட்டாலும் புகையாகப் பிடித்தாலும் இந்தச் சத்து ரத்தத்துக்குத்தான் போகிறது. புகையில் கார்பன் மோனாக்ஸைடு வேறு சேர்கிறது, அது சிசுவுக்குப் போகும் பிராணவாயுவைக் குறைக்கும். அப்புறம், டி.ஹெச்.சி. கொழுப்பில் கரைவது. தினமும் உபயோகித்தவர்களின் உடம்புக் கொழுப்பில் தங்கி வாரக்கணக்கில் கசியும். ‘நேற்றோடு விட்டேன்’ என்றால் நேற்றோடு போய்விடாது.

கனடாவிலேயே, டொரொன்டோ இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்தில், 2012-லிருந்து 2017 வரை நடந்த சுமார் 6,60,000 பிரசவங்களின் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். கர்ப்பத்தில் கஞ்சா உபயோகித்ததாகச் சொன்னவர்களுக்கு நூற்றுக்கு 12 குழந்தைகள் மாதம் நிறையாமல் பிறந்தன. மற்றவர்களுக்கு 6. இரண்டு மடங்கு! ஆனால் இங்கே ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். கஞ்சா உபயோகிக்கிற பெண்களில் சிகரெட் பிடிப்பவர்கள் ஜாஸ்தி, ஏழ்மை ஜாஸ்தி. குறைப்பிரசவத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாமே? ஆகவே வயது, வருமானம், சிகரெட் எல்லாவற்றிலும் ஒத்துப்போகிற பெண்களாகப் பார்த்துப் பொறுக்கி ஜோடி சேர்த்தார்கள். அப்போதும் 10-க்கு 7 என்று வித்தியாசம் நின்றது. 2019-ல் இது வெளியானது. அதற்குப் பிறகு பல நாட்டு ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தவர்களும் எடை குறைவு, குறைப்பிரசவம் இரண்டையும் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

பிறந்த பிறகு? அதற்கும் கனடாவில்தான் பழைய ஆராய்ச்சி இருக்கிறது. ஒட்டாவா நகரத்தில் பீட்டர் ஃப்ரைட் என்ற பேராசிரியர் 1978-ல் ஆரம்பித்து, கர்ப்பத்தில் கஞ்சா பிடித்த தாய்மார்களின் குழந்தைகள் வாலிபர்களாகும் வரை பின்தொடர்ந்தார். பார்த்தால் நம் வீட்டுக் குழந்தைகள் மாதிரிதான் இருந்தார்கள். பொதுவான புத்திசாலித்தனத்தில் குறைவில்லை. ஆனால் அதிகமாக உபயோகித்தவர்களின் குழந்தைகள் நாலு வயதில் ஞாபகசக்தி, பேச்சு சம்பந்தமான பரீட்சைகளில் பின்தங்கினார்கள். பள்ளிக்கூட வயதில் கவனத்தை ஒரு இடத்தில் நிறுத்துவது, யோசித்துத் திட்டமிடுவது இவற்றில் தடுமாற்றம் தெரிந்தது. அந்தக் காலத்துக் கஞ்சா சாது. 1990-களின் நடுவில் அமெரிக்காவில் பிடிபட்ட சரக்கிலேயே டி.ஹெச்.சி. நூற்றுக்கு நாலுதான். இன்று கடைகளில் விற்கிற பூவில் இருபதுக்கு மேல் சர்வ சாதாரணம்.

‘ஒன்றும் ஆகாது’ என்பவர்கள் ஜமைக்காவை இழுப்பார்கள். எதிர் வீட்டுப் பெண்ணும் இழுத்தாள். அங்கே மெலனி ட்ரெஹர் என்ற அம்மாள் 1994-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கஞ்சா உபயோகித்த தாய்மார்களின் குழந்தைகள் ஒரு மாதத்தில் நன்றாகவே, சிலவற்றில் இன்னும் மேலாகவே இருந்தன. உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கஞ்சா உபயோகித்த தாய்மார்கள் வெறும் 24 பேர். அதிகம் உபயோகித்தவர்கள் படிப்பிலும் கையில் காசிலும் மற்றவர்களைவிட மேலான நிலையில் இருந்தார்கள் என்று அந்த அம்மாளே எழுதியிருக்கிறார். அந்தக் கிராமங்களில் நடந்ததை வைத்து ஸ்கார்பரோ மிட்டாய்க்கு நற்சான்றிதழ் கொடுக்க முடியுமா?

போதை தராத சி.பி.டி. எண்ணெய் என்றால் பரவாயில்லையே என்றும் கேட்கிறார்கள். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கர்ப்பத்திலும் தாய்ப்பால் கொடுக்கையிலும் அதுவும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறது.

மாத்திரைக்கு வந்த கெட்ட பெயர்

இவ்வளவு படித்த பெண்கள் மாத்திரையைக் கண்டு பயந்து மிட்டாயை ஏன் நம்புகிறார்கள்? இதற்குப் பின்னால் ஒரு பெரிய துயரம் இருக்கிறது. 1950-களின் கடைசியில் தாலிடோமைட் என்ற மருந்தை மசக்கைக்கு நல்லது என்று பல நாடுகளில் விற்றார்கள். கையும் காலும் முழுதாக வளராமல் உலகமெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. கனடாவிலும் 1962-ல்தான் அதைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள். அமெரிக்காவில் அது வராமல் பிடிவாதமாகத் தடுத்து நிறுத்தியவர் ஃப்ரான்ஸிஸ் கெல்ஸி என்ற டாக்டரம்மா. கனடாவில் பிறந்தவர்.

அந்தப் பயம் அதோடு போகவில்லை, ஒரு நல்ல மாத்திரையையும் பிடித்துக்கொண்டது. டாக்ஸிலமின் என்ற மருந்தும் பி-6 வைட்டமினும் சேர்ந்த மசக்கை மாத்திரை ஒன்று அமெரிக்காவில் இருந்தது. குழந்தைக்கு ஊனம் வரும் என்று கோர்ட்டில் வழக்கு மேல் வழக்கு. ஆராய்ச்சிகளில் கெடுதல் நிரூபணமாகவில்லை. ஆனாலும் செலவு தாங்காமல் 1983-ல் கம்பெனியே அதை நிறுத்திவிட்டது. முப்பது வருஷம் கழித்து, 2013-ல், அதே சேர்க்கை அரசாங்க அங்கீகாரத்தோடு அங்கே திரும்பி வந்தது. கனடாவில் அது நடுவில் நிற்கவே இல்லை. நம் ஊரிலும் டாக்டர்கள் ரொம்ப நாளாக எழுதிக் கொடுக்கிற மாத்திரைதான். லட்சக்கணக்கான தாய்மார்கள் சாப்பிட்டுப் பார்த்த மருந்து ஒரு பக்கம், கடைப் பெண் சொன்ன மிட்டாய் இன்னொரு பக்கம். எது ‘செடி’, எது ‘கெமிக்கல்’ என்பதா இங்கே கேள்வி?

என் பெண்ணுக்கு அதைத்தான் கொடுத்தார்கள். முதலில் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்து சலைன் ஏற்றினார்கள். கர்ப்பத்துக்கு முன்னிருந்த எடையில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் குறைந்தால் அது சாதாரண மசக்கை அல்ல, கவனிக்க வேண்டிய வியாதி என்றார் டாக்டரம்மா. 60 கிலோ பெண்ணுக்கு 3 கிலோ. ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்காவிட்டாலோ, எட்டு மணி நேரமாகச் சிறுநீரே போகாவிட்டாலோ, போவது கறுத்துப் போனாலோ வீட்டில் கஷாயம் வைத்துக்கொண்டு உட்காரக் கூடாது. பதினாறாவது வாரத்தில் அவளுக்கு அடங்கியது. அதற்கு முன்னால் அவளுக்குப் பிடித்துப் போனது என்னவோ நான் கொண்டுபோன பொரிதான். படுக்கையை விட்டு எழுந்திருக்கும் முன்பே ஒரு பிடி, பிறகு இரண்டு மணிக்கொரு தரம் கொஞ்சம் கொஞ்சம்.

இன்னொன்று. "எல்லாம் மனசுதான், நாங்கள்லாம் பெத்துக்கலையா?" என்று சொல்கிற மாமியார்களுக்கு இப்போது பதில் கிடைத்துவிட்டது. சிசுவும் நஞ்சும் சுரக்கிற ஜி.டி.எஃப்.15 என்ற ஹார்மோன்தான் இந்தக் குமட்டலுக்கு முக்கிய காரணம் என்று 2023 டிசம்பரில் விஞ்ஞானிகள் காட்டினார்கள். கர்ப்பத்துக்கு முன்னால் உடம்பில் அது குறைவாக இருந்து பழகிய பெண்களைத்தான் திடீரென்று ஏறும்போது ஆட்டி வைக்கிறதாம். இதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான மார்லினா ஃபெய்ஸோ, தாமே மசக்கையில் படாத பாடு பட்டு அந்தக் கர்ப்பத்தை இழந்தவர்.

எதிர் வீட்டுப் பெண் தன் மிட்வைஃபிடம் மிட்டாய் விஷயத்தைச் சொல்லவே இல்லை. (மிட்வைஃப் என்றால் நம் பழைய ஊர் மருத்துவச்சி அல்ல. யுனிவர்சிடியில் நாலு வருஷம் படித்துப் பட்டம் வாங்கி வருகிறார்கள்.) "சொன்னா எழுதி வைப்பினம் ஆன்ட்டி. பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிடுவினம்" என்று பயம். அவள் அம்மாவுக்கும் தெரியாது. சொன்னால் வீடு இரண்டுபடும்.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் கர்ப்பத்தில் கஞ்சா உபயோகித்த பெண்களைக் கைது செய்து ஜெயிலில் போட்டிருக்கிறார்கள். இதனால் என்ன ஆகும்? பெண்கள் டாக்டரிடமே போகமாட்டார்கள். கஞ்சாவால் வரும் கெடுதலோடு பரிசோதனைக்குப் போகாத கெடுதலும் சேரும். என்னைக் கேட்டால் இது குழந்தையைக் காப்பாற்றுகிற சட்டமே அல்ல.

நான் அவளை விரட்டவில்லை. "உனக்குக் கேக்கத் தயக்கமா இருந்தா நான் கூட வரேன்" என்று மட்டும் சொன்னேன். பதினெட்டாவது வாரத்தில் ஒரு நாள் கூப்பிட்டாள், போனேன். மிட்வைஃப் முகம் சுளிக்கவில்லை. எவ்வளவு, எப்போதிலிருந்து, கணவர் புகைப்பாரா என்று கேட்டுவிட்டு, விசித்திரமாக ஒரு கேள்வி கேட்டாள்: "வெந்நீரில் ரொம்ப நேரம் குளித்தால் வாந்தி அடங்குகிறதா?"

காரணத்தைப் பிறகு சொன்னாள். நாள்பட்ட கஞ்சாப் பழக்கமே ஓயாத வாந்தியைக் கொடுப்பது உண்டாம்! 2004-ல் ஆஸ்திரேலிய டாக்டர்கள் இதை எழுதினார்கள். வெந்நீரில் நின்றால் மட்டும் சுகம் தெரிவது அதன் அடையாளம். மசக்கை என்று நினைத்து மேலும் மேலும் கஞ்சா சாப்பிட்டால் வாந்தி எங்கே நிற்கும்? நல்லவேளை, இவளுக்கு அது இல்லை. ஆனால் கல்யாணத்துக்கு முன்பிருந்தே தூக்கத்துக்கென்று பழக்கம் இருந்திருக்கிறது. விட்ட முதல் வாரம் தூக்கமில்லை, கடுகடுப்பு, பசியில்லை, மறுபடி குமட்டல். "பார்த்தியா, அதுதான் எனக்கு மருந்து" என்று தோன்றுகிற வாரம் இது. பழக்கம் விடுகிற உபத்திரவம்தான், இரண்டு வாரத்தில் குறையும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் தாங்கிக்கொண்டாள். பால்கனியில் நின்று புகைத்துக்கொண்டிருந்த கணவனையும் தெருவுக்கு அனுப்பினாள்.

இதெல்லாம் கனடா சமாசாரம், நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 1985-ம் வருஷத்து நம் போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சாச் செடியின் பூ, பிசின் இவற்றுக்குத்தான் தடை. இலை அந்தக் கணக்கில் வராது. வடக்கே உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசாங்க லைசென்ஸோடு பாங்கு கடைகள் நடக்கின்றன. ஹோலிக்கும் சிவராத்திரிக்கும் பாதாம் பாலில் கலந்து பிரசாதம்போலக் கையில் கொடுப்பார்கள். வடக்கே வாக்கப்பட்ட பெண்கள், முழுகாமல் இருந்தால், டம்ளரை வாங்கும் முன் ‘சாதா தண்டாய்தானே?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆயுர்வேதத்தில் இதே இலைக்கு ‘விஜயா’ என்று அழகான பெயர். இப்போது விஜயா எண்ணெய், மாத்திரை எல்லாம் தூக்கத்துக்கு, வலிக்கு என்று இன்டர்நெட்டில் விற்கிறார்கள். லேபிளில் அந்தப் பெயர் இருந்தால் அது என்ன என்று தெரிந்திருக்கட்டும்.

எதிர் வீட்டுப் பெண்ணுக்கு முப்பத்தேழாவது வாரத்தில் பெண் குழந்தை பிறந்தது. இரண்டரை கிலோ. அழுகை மட்டும் ஐந்து கிலோ! "ஆன்ட்டி, நான் முதல்ல அதைச் சாப்பிட்டதாலதான் சின்னனாப் பிறந்ததோ?" என்று கேட்டாள். குழந்தை டாக்டரிடமே கேட்கச் சொன்னேன். ஒரு குழந்தையை வைத்து அப்படி யாராலும் சொல்ல முடியாது, அவளும் சின்ன உருவம்தானே, நடுவிலேயே விட்டது நல்லதாயிற்று என்றாராம்.

பத்தாம் நாளோ என்னவோ, ராத்திரி முழுக்கத் தூக்கமில்லாமல் கண் சிவந்து வந்தாள். அன்று தாய்ப்பால் ஆலோசனை சொல்லும் நர்ஸம்மா வீட்டுக்கு வந்திருந்தார். வாரக் கடைசியில், சனிக்கிழமை இரவு மட்டும் ஒன்று போட்டுக்கொண்டு தூங்கினால் என்ன என்று அவரிடமே கேட்டுவிட்டாள். அவர் திட்டவில்லை. 2018-ல் கலிஃபோர்னியாவில் 50 தாய்மார்களின் பாலைப் பரிசோதித்த கதையைச் சொன்னார். கடைசியாக உபயோகித்து ஆறு நாள் ஆன பிறகும் பாலில் டி.ஹெச்.சி. தெரிந்ததாம். பால் கொழுப்புள்ள சாமான் அல்லவா, அதில் போய்ச் சேர்கிறது. தூக்கத்துக்கு வழி, பகலில் குழந்தையை யாராவது இரண்டு மணி நேரம் வாங்கிக்கொள்வதுதான் என்று என்னைப் பார்த்தார். நான் கையை நீட்டினேன்.

குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு அவள் விரலை மடக்கி எண்ணினாள். ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. "அட, பிறகு திரும்பச் சனிக்கிழமை வந்திடுமே!" என்று சிரித்தாள். போய்ப் படுத்தவள் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் எழுந்தாள்.